தம்பியைக் கேர் ஹோமில் விடலாமா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

கேட்டவர் லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறார். தம்பிக்கு 27 வயது. டவுன் சிண்ட்ரோம், கூடவே வலிப்பும் உண்டு. பேசுவது சில சொற்கள்தான், அதிலும் பாதி தமிழ். இத்தனை வருஷமும் அம்மாதான் பார்த்துக்கொண்டார். அவருக்கும் எழுபது நெருங்குகிறது, மூட்டுவலியால் மாடிப்படி ஏற முடியவில்லை. கவுன்சிலின், அதாவது உள்ளாட்சியின், சோஷியல் வொர்க்கர் "கேர் ஹோம் அல்லது சப்போர்ட்டட் லிவிங்" (வாடகை வீட்டில் இருந்தபடி பராமரிப்பு பெறுவது) என்று பேச்சை எடுத்திருக்கிறார். டிவியில் வந்த கொடுமைகளைப் பார்த்திருக்கும் அம்மாவோ, "என் கண் மூடுகிறவரை விடமாட்டேன்" என்கிறார். இந்த இடங்களெல்லாம் உண்மையில் பாதுகாப்பானவையா, நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது கேள்வி.

இங்கிலாந்தில் இந்தத் துறையில் முதலில் ஷிஃப்ட் பார்க்கும் கேர் வொர்க்கராகவும், பிறகு ஒரு சிறிய இல்லத்தின் மேனேஜராகவும் இருந்தவள் நான். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

நல்ல இடங்கள் இருக்கின்றன. உங்கள் தம்பி அங்கே போய், வீட்டில் இருந்ததைவிடக் கலகலப்பாக வாழவும் வாய்ப்பு உண்டு. அம்மா சொல்வதுபோல் கடைசிவரை காத்திருப்பதுதான் இருக்கிற வழிகளிலேயே ஆபத்தானது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று இரவே தம்பிக்கு ஓர் இடம் வேண்டும். எங்கே கட்டில் காலியோ அங்கே அனுப்புவார்கள். அது நூறு மைல் தள்ளியும் இருக்கலாம். அவரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள், அம்மா எங்கே என்று சொல்லத் தெரியாத நிலையில் கத்துகிற ஓர் இளைஞரைப் பார்த்து "சவாலான நடத்தை" என்று முதல் நாளே எழுதி வைப்பார்கள். அந்த ஒரு வரி பல வருஷம் அவர் பின்னாலேயே வரும். அம்மாவுக்கு உடம்பில் தெம்பு இருக்கும்போதே, அவரும் கூடவே போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற இடம்தான் தம்பிக்குக் காப்பு.

அம்மாவின் பயம் வீண் பயம் அல்ல. அவர் பார்த்தது பெரும்பாலும் விண்டர்பார்ன் வியூவாக இருக்கும். பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் ஹாம்ப்ரூக்கில் இருந்த 24 படுக்கைத் தனியார் மருத்துவமனை அது, கேஸில்பெக் என்ற நிறுவனத்துடையது. 2011 மே 31 அன்று பிபிசி பனோரமா நிகழ்ச்சி அங்கே ரகசியமாகப் படம் பிடித்ததை ஒளிபரப்பியது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை அடிப்பது, தலைமுடியைப் பிடித்து இழுப்பது, உடையோடு குளிர்ந்த நீரில் நனைப்பது எல்லாம் அதில் இருந்தன. பதினொரு பேர் தண்டிக்கப்பட்டார்கள், ஆறு பேர் சிறைக்குப் போனார்கள். அங்கே ஒருவருக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண்டு செலவிட்டது அரசுப் பணம். காசு கொட்டினால் தரம் வந்துவிடும் என்று யாரும் சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

என்னை இன்றும் உலுக்குவது அந்தக் காட்சிகளைவிட, அதற்கு முன் நடந்தவை. டெரி பிரையன் என்ற மூத்த நர்ஸ் 2010 அக்டோபரிலேயே நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு இந்தத் துறையைக் கண்காணிக்கும் கேர் குவாலிட்டி கமிஷனிடமும், அதாவது சிக்யூசியிடமும், போனார். யாரும் அசையவில்லை. அப்புறம்தான் பிபிசியிடம் போனார். மார்கரெட் ஃப்ளின் 2012ல் கொடுத்த விசாரணை அறிக்கையைப் படித்தால் வயிறு எரியும். 2010ஆம் ஆண்டில் மட்டும் 379 தடவை நோயாளிகளை உடல்பலத்தால் அடக்கியதாக அந்த நிறுவனமே பதிவு செய்திருக்கிறது. நோயாளிகள் திரும்பத் திரும்ப எமர்ஜென்சிக்குப் போயிருக்கிறார்கள், போலீஸ் வந்து போயிருக்கிறது. ஒவ்வொருவரும் தன் கண்ணில் பட்ட ஒரு துண்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெற்றோர் வந்தால் விருந்தினர் அறையோடு சரி, பிள்ளையின் படுக்கையறைப் பக்கம் விடவில்லை.

அந்தக் கடைசி விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓர் இடம் பாதுகாப்பானதா என்று பார்க்க நான் முதலில் கேட்பது இதைத்தான்: வெளியாட்கள் எத்தனை பேர், எவ்வளவு சுலபமாக உள்ளே வந்து போகிறார்கள்? அம்மா, அக்கா, பக்கத்து வீட்டுக்காரர், ஜிபி எனும் குடும்ப டாக்டர், பல் டாக்டர், வாரம் ஒருநாள் வரும் இசை ஆசிரியர், சாமி கும்பிடக் கூட்டிப்போகும் மாமா என்று கதவு திறந்து மூடிக்கொண்டே இருக்கிற வீட்டில் கொடுமை வேர் பிடிக்க முடியாது. நான் பார்த்தும் படித்தும் அறிந்த மோசமான இடங்கள் அத்தனையிலும் இருந்த பொதுக் குணம் மூடிய கதவுதான். அறிக்கைகள் இதை "மூடிய பண்பாடு" என்கின்றன.

இன்னொன்றையும் அம்மாவிடம் சொல்லுங்கள். விண்டர்பார்ன் வியூ மனநல மருத்துவமனை வகையைச் சேர்ந்தது. கேர் ஹோமும் சப்போர்ட்டட் லிவிங்கும் வேறு. அப்படிப்பட்ட மருத்துவமனைகளில் தேவையில்லாமல் இருப்பவர்களை 2014 ஜூனுக்குள் ஊருக்குள் கொண்டுவந்துவிடுவோம் என்று அரசாங்கம் வாக்குக் கொடுத்தது. அது நடக்கவில்லை. பத்து வருஷம் கழித்தும் சுமார் இரண்டாயிரம் பேர் உள்ளே இருந்தார்கள். தம்பியின் விஷயத்தில் யாராவது "கொஞ்ச நாள் மருத்துவமனை யூனிட்டில் வைத்துப் பார்ப்போம்" என்றால், சேர்ப்பதற்கு முன்பே சிகிச்சை மறுஆய்வுக் கூட்டம் ஒன்றைக் கேளுங்கள். கொஞ்ச நாள் என்று போனவர்கள் வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்திருக்கிறார்கள்.

அதற்காக, கேர் ஹோம் என்றாலே நல்லது என்றும் சொல்லமாட்டேன். டெவன் கவுண்டியில் ஒரே நிறுவனம் நடத்திய இரண்டு இல்லங்களில், வெறும் அறைக்குள் ஆட்களை அடைத்துவைப்பதே அன்றாட நடைமுறையாக இருந்தது. தளபாடம் கிடையாது, கழிவறை கிடையாது. 2017ல் அந்த வழக்கு முடிந்தபோது இயக்குநர், மேனேஜர், பணியாளர் என்று பதின்மூன்று பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. அவை மருத்துவமனைகள் அல்ல, முறைப்படி பதிவு செய்த கேர் ஹோம்கள். உள்ளே இருந்தவர்களுக்காக அவர்களை அனுப்பிய கவுன்சில்கள் பெருந்தொகை கட்டிக்கொண்டிருந்தன.

அப்படியானால் சிக்யூசியின் மதிப்பீட்டைப் பார்த்து முடிவெடுக்கலாமா? பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். டரம் கவுண்டியில் வோர்ல்டன் ஹால் என்ற இடத்தில் 2019 மேயில் பனோரமா திரும்பவும் அதே மாதிரிக் கொடுமையைப் படம் பிடித்தது. அப்போது அந்த இடத்தின் மதிப்பீடு "நன்று". 2015லேயே ஒரு ஆய்வாளர் கவலை தெரிவித்து எழுதிய அறிக்கையை சிக்யூசி வெளியிடாமல் விட்டதும் அப்புறம் வெளியே வந்தது. 2024ல் டாக்டர் பென்னி டாஷ் சிக்யூசியை ஆராய்ந்து கொடுத்த அறிக்கை, பல இடங்களில் மறுஆய்வு வருஷக்கணக்காக நடக்கவில்லை என்றது.

ஆகவே மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் தேதியை முதலில் பாருங்கள். நான்கைந்து வருஷம் பழைய "நன்று" என்பது அப்போது இருந்த மேனேஜரைப் பற்றிய சான்று. அவர் இன்னும் இருக்கிறாரா என்று கேளுங்கள். பிறகு முழு அறிக்கையை இறக்கிப் படியுங்கள். "தேவைகள் பூர்த்தி செய்யப்படுகின்றன" என்பது போன்ற வரிகளைத் தாண்டிப் போங்கள். ஆய்வாளர் தன் கண்ணால் பார்த்து எழுதிய வரி எங்கேயாவது இருக்கும்: சாப்பாட்டு நேரத்தில் பணியாளர் ஒருவர் நின்றபடியே ஊட்டினார், அல்லது ஒருவர் விருப்பமான பாட்டைக் கையால் தட்டிக் காட்டியதும் பணியாளர் சட்டென்று புரிந்துகொண்டார் என்று. அந்த வரிகள்தான் அறிக்கையின் சத்து. "மேம்பாடு தேவை" என்று போட்ட ஒரு இடத்தில் புது மேனேஜர் வந்து உழைத்துக்கொண்டிருந்தால், சோம்பிப்போன "நன்று"ஐ விட அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

வீட்டின் அளவையும் கவனியுங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான இல்லங்கள் சிறியவையாக, ஊருக்குள் சாதாரண வீடு மாதிரி இருக்க வேண்டும் என்பது சிக்யூசியின் வழிகாட்டு நெறி. வளாகத்துக்குள் நான்கு கட்டிடம், கேட், செக்யூரிட்டி என்று இருக்கும் இடத்தைக் காட்டினால் எனக்கு மனசு ஒப்பாது.

நேரில் போவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் தடவை அப்பாயின்ட்மென்ட்டோடு போங்கள். அன்று மேனேஜர் சிரித்த முகத்தோடு புது சோபாவைக் காட்டுவார். இரண்டாவது தடவை மாலை ஆறு மணிக்கு, அல்லது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போங்கள். மேனேஜர் வீட்டுக்குப் போன பிறகு அந்த வீடு எப்படி மூச்சுவிடுகிறது என்று அப்போது தெரியும். கதவைத் திறப்பவர் உங்களைப் பார்த்துப் பதறுகிறாரா, "வாங்க, இப்பதான் டீ போட்டோம்" என்கிறாரா? அங்கே வாழ்பவர்கள் எங்கே இருக்கிறார்கள்? டிவி முன்னால் வட்டமாக உட்கார வைத்திருக்கிறார்களா, ஒருவர் சமையலறையில் கேரட் நறுக்கிக்கொண்டிருக்கிறாரா? பணியாளர்கள் யாரோடு பேசுகிறார்கள்? அங்கே வாழ்பவர்களின் தலைக்கு மேலே தங்களுக்குள் பேசிக்கொண்டு, போனைத் தடவிக்கொண்டிருந்தால் அந்த வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி தெரிந்துவிட்டது.

ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் பிடித்தது இருக்கிறதா, எல்லாருக்கும் ஒரே உறைந்த சாப்பாடா? குளியலறையில் அவரவர் சோப்பும் துண்டும் தனியாக இருக்கிறதா? சமையலறைக்குப் பூட்டு இருந்தால் யாருக்காக, எந்த முடிவின் பேரில் பூட்டியிருக்கிறது என்று கேளுங்கள். ஒருவருக்காகப் போட்ட பூட்டில் ஐந்து பேர் அடைபட்டிருப்பார்கள். "போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இங்கே இருக்கிறவர்கள் என்ன செய்தார்கள்?" என்ற கேள்விக்கு யாராவது ஒரு பணியாளர் யோசிக்காமல் ஆள் ஆளாகப் பதில் சொன்னால் எனக்கு நம்பிக்கை வரும். "அவரவர் ஆக்டிவிட்டி பிளான்படி" என்ற பதில் வந்தால் வராது.

இரவைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். தம்பிக்கு வலிப்பு இருப்பதால் இது உயிர்ப் பிரச்சினை. இரவில் இருப்பவர் விழித்திருப்பவரா, அல்லது "ஸ்லீப்-இன்" என்று ஒரு அறையில் படுத்துத் தூங்கி, கூப்பிட்டால் மட்டும் எழுபவரா? வலிப்பு வந்தால் காட்டும் அலாரம் உண்டா? வலிப்பை நிறுத்தும் மிடாஸோலம் மருந்தைக் கன்னத்துக்குள் கொடுக்கப் பயிற்சி பெற்றவர் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் இருக்கிறாரா, ஏஜென்சி அனுப்பிய தற்காலிக ஆள் மட்டும் இருக்கும் இரவிலும்? ஆக்ஸ்ஃபோர்டில் என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் ஒரு யூனிட்டில் கானர் ஸ்பாரோஹாக் என்ற பதினெட்டு வயதுப் பையன் 2013 ஜூலை 4 அன்று குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தான். வலிப்பு உள்ளவன் என்று தெரியும். தாய் சாரா ரையன் திரும்பத் திரும்ப எச்சரித்திருந்தார். ஆனாலும் தனியாகக் குளிக்க விட்டிருந்தார்கள். புறக்கணிப்பும் சாவுக்குக் காரணம் என்று ஜூரி 2015ல் சொன்னது, அதுவும் அந்தத் தாய் விடாமல் போராடியதால். உங்கள் தம்பியின் கேர் பிளானில் குளியல் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள். ஷவரா, தொட்டியா, கதவு பூட்டா, யார் எவ்வளவு தூரத்தில் நிற்பார் என்று எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

இதைத் தொட்டதால், எல்லாரும் கவனிக்காமல் விடும் ஒன்றைச் சொல்கிறேன். அடி உதையைப் பற்றியே நாம் பயப்படுகிறோம். ஆனால் இந்த மனிதர்களின் உயிரை அதிகம் எடுப்பது கவனிக்கப்படாத உடல்நோய். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் மரணங்களை இங்கிலாந்தில் தனியாக ஆராய்கிறார்கள். 2022க்கான அறிக்கையில் இறப்பின் நடுவயது 62.9. மற்றவர்களைவிட ஏறத்தாழ இருபது வருஷம் முன்பே போய்விடுகிறார்கள். தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் 42 சதவீதம். பொதுமக்களிடையே அது 22தான்.

மலச்சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். பேசக் கூச்சப்படுவோம், ஆனால் மலச்சிக்கலால் ஆட்கள் சாகிறார்கள். சஃபோக் பகுதியில் டவுன் சிண்ட்ரோம் உள்ள 33 வயது இளைஞர் ஒருவர் 2012ல் இப்படித்தான் இறந்தார். சிறு வயதிலிருந்தே மலச்சிக்கல் உண்டு, அவர் குடும்பத்துக்கு அது நன்றாகத் தெரியும். அவர் இருந்த கேர் ஹோம் சப்போர்ட்டட் லிவிங்காக மாற்றப்பட்டது. அந்த மாற்றத்தில் உணவுக் கவனிப்பும் கழிவறைப் பதிவும் கைநழுவின. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது பத்துக் கிலோ மலத்தை எடுத்தார்கள், இரண்டொரு நாளில் இறந்துவிட்டார். மனநல மருந்துகள் பல மலச்சிக்கலைக் கூட்டும். எனவே "தினமும் கழிவறைக் குறிப்பு எழுதுகிறீர்களா, மூன்று நாள் போகவில்லை என்றால் யார் என்ன செய்வார்?" என்று நேராகக் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் மேனேஜர் நல்ல மேனேஜர்.

விழுங்குவதும் அப்படித்தான். டவுன் சிண்ட்ரோம் உள்ள பலருக்கு வயது ஏற ஏற விழுங்குவது சிரமமாகும். பேச்சு, விழுங்குதல் நிபுணர் பார்த்து உணவின் பதத்தை எழுதிக் கொடுத்திருந்தால், வீட்டிலிருந்து நீங்கள் கொண்டுபோகும் சாப்பாடும் அந்தப் பதத்துக்குள்தான் வரவேண்டும். குழைத்த தயிர்சாதம் போகும், முறுக்கு போகாது.

நான் வேலை பார்த்த ஒரு வீட்டில் பேச்சே இல்லாத ஒருவர் திடீரென்று தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தார். குறிப்பேட்டில் "நடத்தைப் பிரச்சினை" என்று ஏறியது. மருந்தைக் கூட்டலாமா என்ற பேச்சும் வந்தது. அவரோடு பல வருஷம் இருந்த ஓர் அம்மாள், இரவு ஷிஃப்ட்டுக்காரர், "அவர் டோஸ்ட்டை ஒதுக்கிவிட்டுக் கஞ்சியை மட்டும் குடிக்கிறார், பார்த்தீர்களா?" என்றார். பல் டாக்டரிடம் கூட்டிப்போனால் கடைவாய்ப் பல்லில் சீழ். பல்லை எடுத்த வாரமே அறைவது நின்றது. பேச முடியாதவரின் நடத்தைதான் அவர் பேச்சு. அதைப் படிக்க வருஷக்கணக்கில் கூட இருந்த ஒருவர் வேண்டும். பணியாளர் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் இந்த அம்மாள் கிடைக்கமாட்டார். அதனால்தான் "போன வருஷம் எத்தனை பேர் வேலையை விட்டார்கள், வாரத்தில் எத்தனை ஷிஃப்ட் ஏஜென்சி ஆட்களால் நிரப்புகிறீர்கள்?" என்பது விலாசமான அறையைவிட முக்கியமான கேள்வி.

மருந்து விஷயத்திலும் விழிப்பு வேண்டும். மனநோய் என்று எந்தக் கண்டறிதலும் இல்லாமலே மனநல மருந்து கொடுக்கப்படும், அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் 30,000 முதல் 35,000 பேர் இருப்பார்கள் என்று இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் துறை 2015ல் கணக்கிட்டது. அதைக் குறைக்க என்எச்எஸ் 2016ல் தொடங்கிய முயற்சிக்கு ஸ்டாம்ப் என்று பெயர். தம்பிக்குப் புதிதாக எந்த மாத்திரை தொடங்கினாலும், எதற்காக, எப்போது நிறுத்திப் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பிரிஸ்டலில் ஆலிவர் மெக்கவன் என்ற பதினெட்டு வயது இளைஞன், வேண்டாம் என்று அவனும் பெற்றோரும் சொல்லியும் கொடுக்கப்பட்ட ஓலன்ஸபின் என்ற மனநல மருந்தின் விளைவால் 2016ல் இறந்தான். அவன் தாயின் போராட்டத்தால்தான் 2022 சட்டத்தில், சிக்யூசியில் பதிவான எல்லா இடங்களிலும் பணியாளர்களுக்கு அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் பற்றிய பயிற்சி கட்டாயமானது. அந்தப் பயிற்சிக்கு அவன் பெயரையே வைத்திருக்கிறார்கள். "ஆலிவர் மெக்கவன் டிரெய்னிங் முடித்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்கலாம். அதோடு, 14 வயதுக்கு மேல் ஜிபியிடம் வருஷம் ஒருமுறை முழு உடல் பரிசோதனைக்கு உங்கள் தம்பிக்கு வழி இருக்கிறது. ஜிபியின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

இப்போது கேர் ஹோமா, சப்போர்ட்டட் லிவிங்கா? கேர் ஹோமில் வீடும் பராமரிப்பும் ஒரே கையில், சிக்யூசி இரண்டையும் பார்க்கும். சப்போர்ட்டட் லிவிங்கில் தம்பி வாடகைதாரர், பராமரிப்பு வேறொரு நிறுவனத்துடையது. பராமரிப்பு சரியில்லையென்றால் வீட்டை விடாமலே நிறுவனத்தை மாற்றலாம், அது பெரிய பலம். ஆனால் சிக்யூசியின் கண் அங்கே உடல் பராமரிப்பின்மேல் மட்டும்தான், கட்டிடத்தின்மேல் இல்லை. ஆகவே குடும்பத்தின் கண் இன்னும் அதிகம் தேவை. மூன்றாவதாக ஷேர்ட் லைவ்ஸ் என்று ஒன்று உண்டு. தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த ஒரு குடும்பத்தோடு அவர்கள் வீட்டிலேயே வாழ்வது. சோஷியல் வொர்க்கர்கள் தாமாகச் சொல்வது குறைவு. தம்பியைப் போன்ற, கூட்டுக்குடும்பச் சத்தத்தில் வளர்ந்தவருக்கு அது பொருந்தலாம். கேட்டுப் பாருங்கள்.

எந்த வகையானாலும், வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அம்மாவால் ரயில் மாறி ஏறிப் போக முடியாது. அவர் போகாத வாரங்களில் அந்தக் கதவு கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொள்ளும். 2014 கேர் சட்டத்தின்படி இடத்தைத் தேர்ந்தெடுக்க உங்கள் தம்பிக்கு உரிமை உண்டு. அவர் தேவைக்கேற்ற ஓர் இடமாவது கவுன்சில் ஒதுக்கும் தொகைக்குள் கிடைக்க வேண்டும். அப்படி ஒன்று இருந்தும் அதைவிட விலையான இடத்தை நீங்களே விரும்பினால்தான் மேல்பணம் கேட்கலாம். பொருத்தமான இடமே வேறு இல்லை என்றால் கேட்கக்கூடாது.

சட்டத்தில் இன்னொரு விஷயம் நம் குடும்பங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். பதினெட்டு தாண்டிவிட்டால் அம்மா என்பதாலேயே அம்மா முடிவெடுக்க முடியாது. தம்பியால் ஒரு முடிவை எடுக்க முடியாது என்று ஆனால், 2005 மனத்திறன் சட்டப்படி அவருடைய நலன் எது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். அந்தப் பேச்சில் குடும்பத்தைக் கலந்தாக வேண்டும். கேர் ஹோமில் எப்போதும் கண்காணிப்பில் இருந்து, விருப்பப்படி வெளியேற முடியாத நிலை என்றால், அதற்குக் கவுன்சிலின் தனி அனுமதி தேவை. டோல்ஸ் என்பார்கள். பெயர் பயமுறுத்தும், ஆனால் அது உங்கள் கையில் கிடைக்கும் பிடி. அந்த அனுமதியோடு தம்பிக்கு ஒரு பிரதிநிதி நியமிக்கப்படுவார். அது நீங்களாகவே இருக்கலாம். அனுமதி பிடிக்கவில்லையென்றால், தாமாக முடிவெடுக்க முடியாதவர்களுக்கான நீதிமன்றமான கோர்ட் ஆஃப் புரொடெக்‌ஷனுக்குப் போகலாம், அதற்கான சட்ட உதவிக்கு வருமானம் பார்ப்பதில்லை. சப்போர்ட்டட் லிவிங் என்றால் டோல்ஸ் கிடையாது, அனுமதியே அந்த நீதிமன்றத்திடம் வாங்க வேண்டும்.

பார்க்க வருபவர்களைத் தடுப்பது பற்றியும் சட்டம் இப்போது தெளிவு. 2024 ஏப்ரல் 6 முதல், விதிவிலக்கான காரணம் இல்லாமல் கேர் ஹோம்கள் பார்வையாளரைத் தடுக்க முடியாது. "செட்டில் ஆகட்டும், ஒரு மாசம் வராதீங்க" என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம்.

தமிழ்ப் பணியாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கேர் விசாவில் வந்தவர்கள் இங்கே நிறையப் பேர். தம்பியின் ஷிஃப்ட்டில் ஒரு தமிழ்க்குரல் இருந்தால் அம்மாவுக்கு ஆறுதல்தான். ஆனால் அந்த விசா அவர்களை ஒரே முதலாளியோடு கட்டிப்போட்டிருக்கிறது. வேலை போனால் பொதுவாக அறுபது நாளுக்குள் விசாவுக்குப் பொறுப்பேற்கும் வேறு முதலாளியை, அதாவது ஸ்பான்சரை, தேட வேண்டும். ஊரில் கடன், இங்கே குழந்தை பள்ளிக்கூடத்தில். இந்த நிலையில் இருப்பவர் பக்கத்து அறையில் கேட்ட அடிச்சத்தத்தைப் பற்றி வாயைத் திறப்பாரா? திறப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் வாயைத் திறக்கப் பயப்படும் ஒவ்வொரு பணியாளரும் உங்கள் தம்பியின் பாதுகாப்பில் விழுந்த ஓட்டை. நீங்கள் போகும்போது அவர்களிடம் நாலு வார்த்தை அன்பாகப் பேசுங்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். உண்மை எப்போதாவது அந்த வழியாகத்தான் வரும்.

தம்பி போவதற்கு முன் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் தயார் செய்யுங்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும், உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதி, அர்த்தத்தோடு. "ஊவா" என்றால் வலி, "மம்மு" என்றால் சோறு, காதைத் தொட்டால் சத்தம் அதிகம், சட்டை நுனியைக் கடித்தால் கழிவறை என்று. தலைக்கு எண்ணெய் வைப்பது, கையால் சாப்பிடுவது, மாட்டிறைச்சி இல்லை, வெள்ளிக்கிழமை கோயில் என எல்லாம். படத்தோடு இருந்தால் நல்லது. வலிப்பு வருவதற்கு முன் அவர் முகம் எப்படி மாறும் என்பதை அம்மா வாயால் சொல்லச் சொல்லி வீடியோ எடுத்து வையுங்கள். அந்த அறிவு அம்மா ஒருவரிடம் மட்டும் இருக்கிறது. முதலில் மாலை நேரச் சாப்பாட்டுக்கு, பிறகு ஒரு இரவு, பிறகு ஒரு வார இறுதி என்று மெதுவாகப் பழக்குங்கள். இரண்டு மூன்று மாதம் ஆனாலும் பரவாயில்லை.

போன பிறகு ஏதோ சரியில்லை என்று தோன்றினால் தள்ளிப்போடாதீர்கள். காரணம் சொல்லாத காயம், திடீர் எடை இறக்கம், ஒரு குறிப்பிட்ட ஆளைப் பார்த்தால் ஒடுங்குவது, வீட்டுக்கு வந்தால் திரும்பிப் போகமாட்டேன் என்று அழுவது, குறிப்பேட்டில் எல்லா நாளும் ஒரே வரி. தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், காயத்தைப் படம் எடுங்கள். மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். கவுன்சிலில் பெரியவர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் அடல்ட் சேஃப்கார்டிங் பிரிவுக்கு நேராகப் போன் செய்யுங்கள். கேர் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி விசாரிப்பது அவர்கள் கடமை. சிக்யூசிக்கும் சொல்லுங்கள், ஆனால் தனிநபர் புகாரை அவர்கள் விசாரித்துத் தீர்ப்பதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள். அதற்கு நிறுவனத்தின் பதிலுக்குப் பிறகு புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி, சமூகப் பராமரிப்பு ஆம்புட்ஸ்மன் இருக்கிறார். அடி என்று தெரிந்தால் போலீஸ், உடனடி ஆபத்து என்றால் 999.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்று. சோஷியல் வொர்க்கருக்கு இன்றே ஈமெயில் போடுங்கள்: தம்பிக்குக் கேர் சட்டப்படி முழு மதிப்பீடு, அம்மாவுக்குப் பராமரிப்பாளர் மதிப்பீடு, இரண்டும் எழுத்தில் வேண்டும் என்று. அம்மாவுக்கு ஏதாவது ஆனால் தம்பி எங்கே போவார் என்பதற்கான அவசரத் திட்டத்தையும் அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அது ஃபைலில் ஏறிய பிறகு, நிதானமாக வீடு பார்க்கக் கிளம்பலாம்.